வீட்டுப் பள்ளி: ‘விட’ என்னும் சிறு சொல்

சென்ற இதழில் ‘வேகமாக’, ‘மெல்ல’, ‘நன்றாக’ என வினைக்கு அடையாக வரும் சொற்களைக் குழந்தைகளுக்குப் பயிற்றும் வகையைக் கண்டோம். ஒருவர் செய்யும் வினையை மற்றொருவர் செய்வதோடு ஒப்பிட்டுச் சொல்வது எங்ஙனம் என்பதை இத்திங்கள் காண்போம். தொடக்க வகுப்புகளில் நம் குழந்தைகள் இப்பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அதே வாரத்தில் வீட்டில் தமிழிலும் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் மனத்தில் பதியும்.

ஆங்கிலத்தில் அடைச்சொல்லே உருமாறும். பாஸ்ட் என்பது பாஸ்டர், பாஸ்டஸ்ட் என வளரும். வேறு சில சொற்களுக்கு முன்னே மோர், மோஸ்ட் சேரும். வெல் என்பதோ பெட்டர், பெஸ்ட் என அடையாளமே தெரியாமல் மாறிவிடும். குழந்தைகள் ‘மோர் பாஸ்டர்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு இக்குழப்பமே காரணம். தமிழில் இத்தொல்லை இல்லை. ‘வேகமாக’ என்பது எந்நிலையிலும் ‘வேகமாக’ என்றே நிற்கும். எதனோடு ஒப்பிடுகிறோமோ, அந்தப் பெயரே ‘ஐ’ உருபு ஏற்று, ‘விட’ அல்லது ‘காட்டிலும்’ என்ற சொல்லைத் துணைக்கொள்ளும்.

ஊருக்குச் சென்று வரும் நம் குழந்தைகளுக்கு ரெயில்வண்டியே நல்ல பாடம். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வேகமாகச் செல்கிறது. 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதனைவிட வேகமாகச் செல்கிறது. இம்மூன்றனுள் ராஜதானி எல்லாவற்றையும் விட வேகமாகச் செல்கிறது. ‘இம்மூன்றனுள்’ என்று வரையறுப்பதைக் குழந்தை மறத்தலாகாது. எந்தக் கூட்டத்துள் என்று சொல்லாமல் முதன்மை சொல்வது பொருளற்றதாகும்.

‘மிக வேகமாக’ என்று எழுதிவிட்டு அதுவே உச்சநிலை எனச் சில குழந்தைகள் கருதுவர். ‘மிக’ என்பது வேகத்தின் மிகுதியைச் சொல்லுமேயன்றி ஒப்பீட்டைச் சொல்லாது. மூன்று வண்டிகளும் மிக வேகமாகச் செல்லலாம். எல்லாவற்றையும் விட வேகமாகச் செல்வது ஒன்றே.

இங்கே நாம் வாழும் ஊரின் மொழி பேருதவி செய்யும். இந்தியில் ‘முஜ்ஸே தேஜ்’, ‘ஸப்ஸே தேஜ்’ என்பர். வங்காளியர் ‘ஆமார் சேயே’, ‘ஸப்சேயே’ என்பர். மராத்தியர் ‘மாஜ்யாபேக்ஷா’ என்பர். ‘ஸர்வாத்’ என்பது நம் ‘எல்லாரிலும்’ போன்றதே. இம்மொழிகளிலும் ஒப்பிடப்படும் பெயரே அடையாளம் ஏற்கிறது. தெருவில் விளையாடும்போது குழந்தை கற்றுவிட்ட முறைதான் இது என்று எடுத்துக்காட்டினால் அச்சம் நீங்கும்.

இந்தி பேசிப் பழகிய குழந்தை, ‘அவன் என்னிலிருந்து வேகமாக ஓடினான்’ என்று சொல்வதுண்டு. ‘ஸே’ என்பது நீங்குதலுக்கும் ஒப்புக்கும் பொதுவாதலின் இப்பிழை நேர்கிறது. நகைக்க வேண்டா. நம் ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபும் அவ்வாறே நீங்குதலையும் ஒப்பையும் ஒருங்கே குறிப்பதுதான். ‘தேனினும் இனிது’ என்பதில் அது ஒப்பைச் சொல்கிறது. குழந்தையின் அறிவு பிழைபடவில்லை. வழக்கு மட்டுமே மாறிற்று. ‘என்னைவிட’ என்று நாம் திருத்திச் சொன்னால் போதும்.

இனி, நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் நம் இளைய மகனிடம், ‘விட’ வரும்படி ஐந்து வாக்கியங்கள் எழுதுமாறு கூறினோம். அவன் எழுதினான்: ‘அக்கா என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். அக்கா என்னைவிட அழகாக எழுதுகிறாள். அக்கா என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறாள். நான் எல்லாரையும் விட மெதுவாகச் சாப்பிடுகிறேன். அப்பா அக்காவிடம் பேசுவதைவிட என்னிடம் உரக்கப் பேசுகிறார்.’

ஐந்திலும் ஒரு பிழை இல்லை. சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தோம். முதல் நான்கும் அவன் வாக்கியங்கள் அல்ல. நாள்தோறும் நம் வாயிலிருந்து அவன் கேட்டவை. ஐந்தாவது ஒன்றே அவன் சொந்தமாக அமைத்தது. இலக்கணத்தை நாம் கற்பிக்கு முன்பே, ஒப்பிடுதலை அவனுக்கு நன்றாகக் கற்பித்திருந்தோம்.

அன்று முதல் பயிற்சியை மாற்றினோம். ஒப்பிடுவதற்கு அக்காவும் வேண்டா, அடுத்த வீட்டுப் பையனும் வேண்டா. நேற்றைய அவனும் இன்றைய அவனுமே போதும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் செய்து, ‘நேற்றைவிட இன்று விரைவாகச் சொன்னேன்’ என்று எழுதச் செய்கிறோம். ஞாயிறன்று ஏடுகளைப் புரட்டி, ‘இவ்வாரத்தில் எல்லா நாளையும் விட வியாழனன்று அழகாக எழுதினேன்’ என்று அவனே தேர்ந்து சொல்கிறான். மற்றவரை ஒப்பிட வேண்டுமெனில் வண்டிகளும் பறவைகளும் இருக்கின்றன, அவை வருந்தமாட்டா.

சென்ற ஞாயிறன்று அவன் தானாக ஒரு வாக்கியம் எழுதி வந்து காட்டினான்: ‘அப்பா முன்னைவிட மெதுவாகப் பேசுகிறார்.’ அதற்கும் சரி என்று குறியிட்டோம். உண்மையிலும் அது சரியாகவே இருத்தல் வேண்டுமென்பது இனி நம் வீட்டுப்பாடம்.

அடுத்த திங்கள் எண்ணுப்பெயர்களைக் காண்போம்.