எல்லாப் பித்தளையும் ஒரே பித்தளை இல்லை

போன மாசம் அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல வேலை. ராத்திரி வாசல்ல கட்டிலைப் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தப்ப ஒரு விஷயம் சொன்னான். அவன் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு லீவு நாள்ல துப்பாக்கி சுடப் போறதுதான் பொழுதுபோக்காம். அங்க அதுக்குன்னே இடம் இருக்கு. சுட்டு முடிச்சதும் கீழே கிடக்குற காலித் தோட்டாக் கூடுகளை வாளியில பொறுக்கிக்கிட்டு வந்து, சாயங்காலம் பூரா உக்காந்து பிரிப்பாராம்.

"என்னத்தடா பிரிக்கிறது, எல்லாம் பித்தளைதானே?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா. மொதல்ல காந்தத்தை விடுவார். பாக்கப் பித்தளை மாதிரியே இருக்கும், உள்ளே இரும்பு, மேலே முலாம். அது தனி. அலுமினியக் கூடு தனி. அப்புறம் அளவு. 9 மில்லிமீட்டர்னு ஒரு கூடு, .380ன்னு ஒரு கூடு. ரெண்டுக்கும் நீளத்துல 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அடியில குத்தியிருக்குற எழுத்தைப் பாத்துத்தான் பிரிக்கணும். அதே கூட்டுல திரும்ப மருந்து அடைச்சுச் சுடுவாங்க. கலந்து போச்சுன்னா ஆபத்து."

நம்ம நாட்டுல லைசன்ஸ் இல்லாம தோட்டா தயார் பண்றது ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்தப் பொழுதுபோக்கைப் பத்தி எழுத நான் வரலை. ஆனா அந்த மனுஷன் ஒவ்வொரு கூட்டையும் கையில எடுத்து, அடியைத் திருப்பி, இது எந்த ஜாதிப் பித்தளைன்னு பாத்துப் பாத்துப் போடுறாரே, அது என் மனசுல நின்னு போச்சு. ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சது அதுக்கு நேர் எதிர்.

அந்த வருஷம் போர் மோட்டார் காயில் போயிடுச்சு. நடவு நேரம், கையில காசு இல்லை. கொட்டகைப் பரண்ல கிடந்த பழைய சாமானை எல்லாம் ஒரு சாக்குல அள்ளினேன். பழைய புட்வால்வு, ரெண்டு கேட்வால்வு, தேஞ்ச இம்பெல்லர், ஒழுகுற பித்தளைக் குழாய் ஏழெட்டு, அப்பா மருந்தடிச்ச கைத்தெளிப்பான். அதோட அம்மாவோட ஓட்டை விழுந்த தவலை ஒண்ணு, நசுங்கின குடம் ரெண்டு. எல்லாம் ஒரே சாக்கு. வண்டியில வச்சு காயலான் கடைக்குக் கொண்டு போனேன்.

பாய் சாக்கைக் கொட்டினார். காலால ஒரு தள்ளு தள்ளிப் பாத்தார். "கலவை ரேட்தான் அண்ணே"ன்னார். பிரிச்சுக் கொண்டு வந்திருந்தா கிலோவுக்கு 80 ரூபாய் வரைக்கும் கூடக் கிடைச்சிருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கலந்து கொட்டினா குவியல்ல எது மட்டமோ அதோட விலைதான் மொத்தத்துக்கும். நெல்லுல பதர் இருந்தா விலை குறைப்பாங்கன்னு தெரிஞ்ச எனக்கு, பித்தளையில அது உறைக்கலை.

காசு போனதோட முடிஞ்சிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வருஷம் பொங்கலுக்குச் சென்னையில மக வீட்டுக்குப் போயிருந்தோம். அடுப்புல கனமா ஒரு பித்தளை உருளி. பழைய காலத்துச் சாமான் மாதிரி வார்த்து, தேய்ச்சுப் பளபளன்னு. "பாரம்பரியப் பாத்திரம்பா, நாள் கணக்கா இதுலதான் சாம்பார், வத்தக்குழம்பு எல்லாம்"னு மக பெருமையாச் சொன்னா. ரெண்டரை வயசுப் பேத்திக்கும் அதுலேருந்துதான் சாதம் பிசைஞ்சு ஊட்டுறா.

உள்ளே எட்டிப் பாத்தேன். ஈயம் பூசலை. மஞ்சளாவே இருக்கு. "புளி ஊத்துறியே, களிம்பு ஏறாதா? யாரு செஞ்சது, என்ன பித்தளை?"ன்னு கேட்டேன். "பித்தளைன்னா பித்தளைதானேப்பா"ன்னா. மூணு வருஷம் முன்னாடி நான் சாக்கு மூட்டையோட நின்னப்ப என்ன நினைச்சேனோ, அதே வார்த்தை.

மனசு கேக்கலை. உருளியை ஊருக்கு எடுத்துக்கிட்டு வந்து எங்க லேத் பட்டறை ஆசாரிகிட்ட காட்டினேன். முப்பது வருஷமா மோட்டார் புஷ் கடையறவர். அவர் எனக்கு ஒரு பாடமே எடுத்தார்.

பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் கலந்தது. எவ்வளவுக்கு எவ்வளவுங்கறதுலயும், கூட என்ன சேருதுங்கறதுலயும்தான் ஜாதி பிரியுது. நூத்துக்கு 70 செம்பு, 30 துத்தநாகம்னா அது நல்லா இழுபடும். தகடா அடிச்சு, குழிச்சு, கிண்ணமா, குடமா இழுக்கலாம், வெடிக்காது. தோட்டாக் கூடு செய்யறதும் இந்தக் கணக்குலதானாம். இங்கிலீஷ்ல அந்தப் பித்தளைக்குப் பேரே தோட்டாப் பித்தளைன்னுதான் வச்சிருக்காங்களாம். என் அம்மாவோட குடம் தகட்டுல அடிச்சது. அந்த வகையில அமெரிக்காக்காரர் பொறுக்குற கூட்டுக்கும் எங்கம்மா குடத்துக்கும் சொந்தம் உண்டு.

குழாய், வால்வு திருகு இதெல்லாம் வேற. லேத்துல சுலபமா கடையணும்னு அதுல 2, 3 சதவீதம் காரீயம் சேர்ப்பாங்க. காரீயம் செம்போட கரையாது. பொடிப்பொடியா நடுவுல தங்கி நிக்கும். அதனாலதான் கடையும்போது சீவல் சுருளா வராம உமி மாதிரி உதிரும். ஆசாரி ரெண்டையும் கடைஞ்சு காட்டினார். குடத்துத் துண்டுல சுருள் சுருளா நீளமா வந்துது. குழாய்த் துண்டுல பொலபொலன்னு உதிர்ந்துது. கண்ணால பாத்தேன்.

பம்புல வர்ற இம்பெல்லர், வால்வு உடம்பு பலதும் பித்தளையே இல்லை, கன்மெட்டல். செம்போட வெள்ளீயம், துத்தநாகம் சேர்ந்தது. ஒரு காலத்துல பீரங்கி வார்த்த உலோகம், அதான் அந்தப் பேரு. இப்ப அதிகமா ஓடுற ரகத்துல செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5. ஆமா, காரீயம் நூத்துக்கு அஞ்சு.

"தகட்டுல அடிச்ச பாத்திரம்னா காரீயம் அதிகம் இருக்காது, இருந்தா அடிக்கும்போதே வெடிச்சிடும். வார்த்த பாத்திரம்னா எதை உருக்கினானோ அது இருக்கும். குழாயும் வால்வும் போட்டு உருக்கினாலும் உருளி உருளியாத்தான் வரும்"னார் ஆசாரி. "உங்க உருளியை அரத்துல ராவிப் பாத்தா உதிருது. ஆனா அதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, லேப்ல குடுங்க"ன்னார்.

மருமகன் சென்னையில உலோகம் பரிசோதிக்கிற ஒரு லேப்ல குடுத்தார். காரீயம் 3 சதவீதத்துக்கு மேலன்னு ரிப்போர்ட் வந்துது. பேத்திக்கு ரத்தப் பரிசோதனை பண்ணினோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த நாலு நாள் எனக்குத் தூக்கமில்லை. பயப்படற அளவு இல்லை, ஆனா அந்தப் பாத்திரத்தை இனிமே அடுப்புல ஏத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னார். குழந்தைகள் உடம்புல காரீயம் இவ்வளவு வரைக்கும் இருக்கலாம், பரவாயில்லைங்கற அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது மூளையைத் தாக்குற விஷம். பெட்ரோல்ல கலந்துக்கிட்டிருந்த காரீயத்தை 2000ஆம் வருஷம் நாடு முழுக்க நிறுத்தினது அதனாலதான்.

மககிட்ட சொன்னப்ப அவ கேட்ட கேள்வி முக்கியமானது. "ஈயம் நல்லதுதானேப்பா? பாட்டி ஈயச் செம்புலதானே ரசம் வைப்பாங்க?" இந்தக் குழப்பம் படிச்சவங்ககிட்டயும் இருக்கு. ரசச் செம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்குள்ள பூசுறதும் வெள்ளீயம். காரீயம் வேற. ரெண்டுக்கும் பேருல ஈயம் இருக்கே தவிர, குணத்துல பசுவும் புலியும். பூசுற ஈயத்துலயும் விலை குறைக்கக் காரீயத்தைக் கலக்கிறவங்க உண்டு, அதையும் கேட்டுத்தான் பூசணும்.

இப்ப என் அபிப்பிராயத்தைச் சொல்றேன்.

அந்த உருளியை வார்த்தது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது எப்படி உருவாகியிருக்கும்னு தெரியும். என்னை மாதிரி ஒருத்தன் புட்வால்வையும் அம்மா குடத்தையும் ஒரே சாக்குல கொட்டியிருப்பான். கடைக்காரர் கலவைன்னு எடை போட்டிருப்பார். பட்டறையில ஒரே மூசையில போட்டு உருக்கியிருப்பாங்க. உருகினதுக்கு அப்புறம் யாராலயும் அதைப் பிரிக்க முடியாது. பிரிக்கிறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு, அது உருக்குறதுக்கு முன்னாடி, எங்க வீட்டுப் பரண்ல. நான் வித்த சாக்கு சுத்திச் சுத்தி என் பேத்தி தட்டுக்கே வந்திருந்தாலும் ஆச்சரியப்படறதுக்கு இல்லை.

பாய்கிட்ட இதைச் சொன்னேன். அவர் கோவிச்சுக்கலை. "அண்ணே, பிரிக்க ஒரு ஆள் போட்டா அவனுக்குக் கூலி குடுக்கணும். பாத்திரம் வார்க்கிறவர் எங்கிட்ட 'எந்தப் பித்தளை'ன்னு கேட்டதே இல்லை. கேட்டா பிரிச்சுத் தர்றேன்"னார். அவர் சொன்னது நியாயம். பட்டறைக்காரரும் இதையேதான் சொல்லுவார், வாங்குறவங்க கேக்கலைன்னு. அப்ப கேள்வி கடைசியா உங்ககிட்டதான் வந்து நிக்குது.

கன்னார் வேலையைக் குறை சொல்ல வரலை. எங்க பக்கம் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பேர் பெற்றது. விளக்குல காரீயம் இருந்தா அதுல யாரும் சாப்பிடப் போறதில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள்லயும் காரீயம் கலந்திருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. சாமிக்கு அதனால ஒண்ணும் ஆகாது. எது எதுக்கு ஆகும்னு தெரிஞ்சு பிரிச்சு வச்சவங்க நம்ம ஆளுங்க. பிரிக்காம விட்டது நம்ம காலம்தான்.

சட்டமும் புதுசு இல்லை. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்துல சமைச்ச உணவு விற்பனைக்கு ஆகாதுன்னு 1955 உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள்லயே இருந்துது. 2011ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள்லயும் இருந்துது. அது ஓட்டல்காரங்களுக்கான விதி, வீட்டு அடுப்பை யாரும் வந்து பாக்க மாட்டாங்க. நாமதான் பாத்துக்கணும்.

கிராமத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பழைய சாமானை அஞ்சாப் பிரிங்க. மொதல்ல காந்தம் வைங்க, ஒட்டினா இரும்பு. செவப்பா இருக்குற செம்புக் கம்பி தனி. தகட்டுல செஞ்ச பாத்திரம் தனி. குழாய், திருகு தனி. வால்வு, இம்பெல்லர் தனி. மருந்தடிச்ச தெளிப்பானை எதோடயும் சேர்க்காதீங்க. ஒரு மணி நேர வேலை. காசும் கூடக் கிடைக்கும்.

டவுன்ல இருக்குறவங்களுக்கு ரெண்டு சொல்றேன். வார்த்த பித்தளைப் பாத்திரம் வாங்கினா, சமைக்கிறதுக்குன்னா, காரீயம் எவ்வளவுன்னு லேப் ரிப்போர்ட் கேளுங்க. தராட்டி பூ போட்டு வைங்க, அழகா இருக்கும். தகட்டுல அடிச்ச பாத்திரமா இருந்தாலும் ஈயம் பூசாம புளியும் மோரும் ஊத்தாதீங்க. பாட்டி காலத்துப் பாத்திரம் வேணும்னா பாட்டி காலத்துப் பழக்கமும் சேர்ந்து வரணும். வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுறவரைக் கூப்பிட்டு உக்கார வச்ச வீடுகள் அதெல்லாம்.

இப்ப எங்க கொட்டகையில அஞ்சு பெயிண்ட் டப்பா வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸால எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்காரி சிரிக்கிறா, "கடை போடப் போறீங்களா?"ன்னு. அம்மாவோட சாமான்ல மிஞ்சினது ஒரு செம்பு மட்டும்தான். அதை எந்த டப்பாவுலயும் போடலை. பேத்தி வந்தா தண்ணி குடிக்கிறதுக்கு ஈயம் பூசக் குடுத்திருக்கேன்.