கிதாருக்கு வயசு என்ன பாஸ்?

70 கொண்டை ஊசி வளைவு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டே கொல்லிமலை ஏறி, ஆகாய கங்கையில குளிச்சு, வாசலூர்பட்டி ஏரியில படகும் ஓட்டியாச்சு. டீ குடிக்க ஒதுங்கின இடத்துல, பரண் மேல ஒரு பழைய கிதார். "வெள்ளைக்காரங்க காலத்துது தம்பி... பிராண்ட் துரை வெச்சிருந்ததுன்னு எங்க தாத்தா சொல்வாரு. 500 ரூபா குடுத்துட்டு எடுத்துக்க" என்கிறார் வீட்டுப் பெரியவர்.

டென்ஷன் ஆகாதீங்க, இது கற்பனைதான். ஆனால், நிஜமாவே நடந்தா என்ன பண்ணுவீங்க? அது பழம்பொருளா, பழைய பொருளா? ரெண்டுக்கும் நடுவுல பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கு. அந்தப் பெரியவர் ஏமாறக் கூடாது, நீங்களும் ஏமாறக் கூடாது. அதுக்குத்தான் இந்த வாரப் பாடம்.

முதல்ல, அது ஸ்டீல் கிதாரான்னு பாருங்க. ஸ்டீல்ல செஞ்சதால அந்தப் பேர் வரலை. மடியில படுக்க வெச்சு, கம்பி மேல ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கிட்டே வாசிக்கிறதால வந்த பேர். நம்ம ஊர்ல 'ஹவாயன் கிதார்'னு சொல்வாங்க. கம்பிகள் விரலால அழுத்த முடியாத அளவுக்கு உயரமா இருக்கும். கழுத்து சதுரமா இருந்தா, பிறக்கும்போதே ஸ்டீல் கிதார். உருண்டையா இருந்து, தலைப்பக்கம் மட்டும் ஒரு பட்டை வெச்சு கம்பியைத் தூக்கியிருந்தா, அது சாதாரண கிதார், பிற்பாடு மாத்தியிருக்காங்க.

19-ம் நூற்றாண்டின் கடைசியில ஹவாய் தீவுல இந்த பாணியைப் பரப்பினவர் ஜோசப் கெகுகு. அவருக்கு முன்னாடியே, இந்தியாவுல இருந்து கப்பல்ல போய்ச் சேர்ந்த கேப்ரியேல் டேவியன் இப்படி வாசிச்சார்னு ஒரு கட்சியும் உண்டு. 1940-களில் டௌ மோ என்ற ஹவாய் கலைஞர் குடும்பத்தோட கல்கத்தாவுல தங்கி, கத்தும் கொடுத்தார். பிரிஜ் பூஷண் காப்ரா இதுல இந்துஸ்தானி ராகம் வாசிச்சார். விஸ்வ மோகன் பட் இதை மோகன வீணையா மாத்தி, 1994-ல் கிராமி விருதே வாங்கிட்டார். நம்ம சித்ரவீணையும் இதே வழுக்கல் டெக்னிக்தான். அதனால, ஒரு தமிழ்நாட்டுப் பரண்ல ஸ்டீல் கிதார் கிடக்கிறது அதிசயம் இல்லை.

இப்போ வயசுக்கு வருவோம். உடம்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். முழுக்க மரம், கழுத்து வரைக்கும் உள்ளே குழிவுன்னா, 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹெர்மன் வைசன்பார்ன் பிரபலமாக்கின டைப். நடுவுல தட்டு மாதிரி உலோக மூடி, உள்ளே அலுமினியக் கூம்பு இருந்தா, 1927-க்கு அப்புறம் 'நேஷனல்' கம்பெனி கொண்டு வந்த ஐடியா. கம்பிக்குக் கீழே காந்தமும் காயிலும் இருந்தா எலெக்ட்ரிக். அது கடைக்கு வந்தது 1932-ல். ரிக்கன்பேக்கரின் அந்த முதல் மாடல் பார்க்க வாணலி மாதிரியே இருந்ததால, அதுக்குப் பேரே 'ஃப்ரையிங் பேன்'!

பெரியவர் சொன்ன கதையை இதோட ஒட்டிப் பாருங்க. கொல்லிமலையில ஊழியம் செஞ்ச ஜெஸ்ஸி பிராண்ட் நிஜமான மனுஷர். தொழுநோய் மருத்துவத்துல உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டின் அப்பா. மலையிலேயே 1929-ல் காய்ச்சல்ல இறந்துட்டார். பரண்ல கிடக்கிறது எலெக்ட்ரிக் கிதார்னா, அது அவர் கையில இருந்திருக்க வாய்ப்பே இல்லை. தாத்தா பொய் சொன்னார்னு அர்த்தம் இல்லை. ரெண்டு ஞாபகம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

அடுத்து, ஸ்க்ரூ. நாம 'ஸ்டார்'னு சொல்ற பிளஸ் தலை ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் பேட்டன்ட் வாங்கினது 1936-ல். 1920-கள் கிதார்னு சொல்லி விக்கிறவர் கையில ஸ்டார் ஸ்க்ரூ மின்னினா, ஒண்ணு ஸ்க்ரூ புதுசு, இல்லைன்னா கதை புதுசு.

எலெக்ட்ரிக்கா? ஈ.சி.ஈ. படிக்கிற நண்பனைக் கூப்பிடுங்க. வால்யூம் கன்ட்ரோலின் முதுகுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். உதாரணமா 304-5230. முதல் மூணு எண் தயாரிச்ச கம்பெனி: 304-ன்னா ஸ்டாக்போல், 137-ன்னா சி.டி.எஸ். அடுத்து 52 என்பது 1952, 30 என்பது அந்த வருஷத்தோட 30-வது வாரம். உஷார்: இது அந்தப் பாகத்தோட பிறந்த தேதி, கிதாரோடது இல்லை. பாகம் செஞ்ச பிறகுதான் கிதார் செஞ்சிருக்க முடியும். அதோட, ஈயம் வெச்ச இடம் பளபளன்னு புதுசா இருந்தா, பாகத்தையே யாரோ மாத்தியிருக்காங்க. மெக்கானிக்கல் தம்பிகளுக்கும் வேலை இருக்கு. ரிக்கன்பேக்கர்னா லாட வடிவக் காந்தத்தை அளந்து பாருங்க. ஒன்றரை இன்ச் அகலம்னா இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது, ஒன்றேகால்னா பிந்தையது.

இன்னொரு பொக்கிஷம், பெட்டிக்குள்ள ஒட்டின கடை லேபிளும் பழைய பில்லும். விலை அணாக் கணக்குல இருந்தா பெரும்பாலும் 1957-க்கு முன்னாடி. முகவரியில ஆறு இலக்க பின்கோடு இருந்தா, 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம். 'சென்னை'ன்னு ஆங்கிலத்துல அச்சடிச்சிருந்தா 1996-க்கு அப்புறம். 'கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்'னு எழுதியிருந்தா 1997-க்கு அப்புறம். அதுக்கு முன்னாடி சேலம் மாவட்டம். இதெல்லாம் அமெரிக்க நிபுணருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்!

பிராண்ட் பேரை மட்டும் நம்பிடாதீங்க. 'கிப்சன்' என்பது அமெரிக்கா. 'கிவ்சன்' என்பது கல்கத்தா. ஒரே எழுத்துதான் வித்தியாசம். கல்கத்தா கிதார் மட்டம்னு சொல்ல வரலை. நம்ம நாட்டு ஸ்டீல் கிதார் வரலாறே அங்கேதான் வளர்ந்துச்சு. ஒண்ணை இன்னொண்ணா நினைச்சு காசு கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

சில 'கூடாது'கள். பாலீஷ் போடக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, லேபிளைத் துடைக்கக் கூடாது. அழுக்குக்குள்ளேதான் ஆதாரம் இருக்கு. மலை ஈரத்துல பல வருஷம் கிடந்த மரத்தை நாமக்கல் வெயில்ல வெச்சா வெடிச்சுடும். கம்பியை லேசாத் தளர்த்தி, நிழல்ல வையுங்க. கூடவே அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் இருந்தா, ப்ளக்கைச் சொருகிடாதீங்க. அது 110 வோல்ட் ஆசாமி. நம்ம 230-ல கதை கந்தல். பழைய கருவியில ஷாக் ஆபத்தும் உண்டு.

மொத்தப் பாடத்தையும் ஒரே வரியில சொல்லணும்னா: ஒட்டுப்போடாத ஒரிஜினல் பாகங்கள்ல எது கடைசியா வந்ததோ, அதுக்கு முன்னாடி அந்தக் கிதார் பிறந்திருக்க முடியாது. ஒரே ஒரு தடயத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க, மூணாவது ஒத்துப்போகணும். கண்டுபிடிச்சதை உடமைக்காரர்கிட்ட மறைக்காமச் சொல்லிட்டு, அப்புறம் விலை பேசுங்க. விவரம் தெரியாதவர்கிட்ட 500 ரூபாய்க்குத் தட்டிட்டு வர்றது திறமை இல்லை பாஸ்.

விலை போகாட்டியும் பரவாயில்லை. அதை யார் வாசிச்சாங்க, எந்தக் கல்யாணத்துல, எந்தக் கோயில்ல, எந்த சர்ச்சுலன்னு கேட்டு, ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி பெட்டிக்குள்ளேயே போட்டுடுங்க. 50 வருஷம் கழிச்சு அதைத் திறக்கிறவனுக்கு, ஸ்க்ரூவை எண்ணுற வேலை மிச்சம்!