கடல் மீன் தொட்டி: ஃபில்டருக்குள் எதைப் போடுவது?

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சில வீடுகளில் இப்போது உப்புத் தண்ணீர்த் தொட்டியே வந்துவிட்டது. தொட்டிக்குக் கீழே மூடி போட்ட டப்பா ஒன்று இருக்குமே, அதுதான் கேனிஸ்டர் ஃபில்டர். தண்ணீர் அதற்குள் இறங்கி, அடுக்கடுக்கான கூடைகளைக் கடந்து, மறுபடி தொட்டிக்கே ஏறிப்போகும். அந்தக் கூடைகளில் போட என்று கடைக்காரர் நாலு பாக்கெட்டை நீட்டி, "எல்லாத்தையும் போடுங்கம்மா" என்பார். எல்லாம் வேண்டாம், சகோதரிகளே!

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அமோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஒருவகை நல்ல பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை; அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். பாலுக்கு உறைமோர் எப்படியோ, தொட்டிக்கு இந்தப் பாக்டீரியா அப்படி. புதுத் தொட்டியில் இவை பெருக நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை மீன் வாங்க அவசரப்படாதீங்க.

இனி கூடைகள்.

தண்ணீர் முதலில் படும் கூடையில் ஸ்பாஞ்ச். பெரும்பாலான ஃபில்டர்களில் அது அடிக்கூடை. குப்பையைப் பிடித்து வைப்பது இதன் வேலை. பிடித்த குப்பை அங்கேயே கிடந்தால் அழுகும். ஆகவே வாரம், பத்து நாளுக்கு ஒரு தரம் அலசணும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிப் போடாதீர்கள். சிலவற்றில் கிருமிநாசினி சேர்த்திருப்பார்கள்.

நடுக்கூடையில் பீங்கான் வளையங்கள். இவற்றின் நுண்ணிய துளைகள்தான் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு.

கடைசிக் கூடையில் கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். தூசி போகக் கழுவி, வலைப்பையில் கட்டிப் போடுங்கள். தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், அமோனியாவை எடுக்காது. மாசம் ஒரு தரம் மாற்றணும்.

ஜியோலைட் என்ற கல்லுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் அது அமோனியாவை உறிஞ்சும். உப்புத் தண்ணீரிலோ சோடியம் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் அந்தக் கல்லை மறுபடி பயன்படுத்த உப்பு நீரில்தான் ஊறவைக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

கடலில் எடுத்த பவளத் துண்டு என்று யாராவது கொடுத்தாலும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளப்பாறைகள் காக்கப்பட்டவை.

வளையங்களைக் குழாயடியில் காட்டித் தேய்க்கவே கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துப்போகும். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரிலேயே லேசாக அலசினால் போதும். ஸ்பாஞ்சையும் வளையத்தையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். கொஞ்சம் 'உறை' மிச்சம் இருக்கட்டும்.

கரண்ட் போய்ச் சில மணி நேரம் ஆகிவிட்டதா? மூடிய டப்பாவுக்குள் பிராணவாயு தீர்ந்து, உள்ளேயிருக்கும் தண்ணீர் கெட்டிருக்கும். அப்படியே ஓடவிட்டால் அது தொட்டிக்குப் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே இருப்பதைத் தொட்டி நீரில் அலசிய பிறகே ஓடவிடுங்கள்.

ஃபில்டரில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை அவசியம். மீன் தொட்டி நீரில் உள்ள ஒருவகைக் கிருமி காயம் வழியே புகுந்து ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடும். அப்படி ஏதாவது வந்தால், "எங்க வீட்டில் மீன் தொட்டி இருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.