ஓர் எண்ணை மாற்றினால்

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும் நம் பத்திரிகைகள் எல்லாம் விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டன. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் படித்த ரயில்வே பள்ளி, முதலில் சேர்ந்த பாலிடெக்னிக், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா. அதற்கு முன்னால் இஸ்ரோவின் மயில்சாமி அண்ணாதுரைக்காகக் கோதவாடி, சிவனுக்காகச் சரக்கல்விளை. ஊர்ப்பெருமை எனக்கும் பிடிக்கும். ஆனால் வீரமுத்துவேல் காலையில் ஆபீசுக்குப் போய் என்னதான் செய்தார் என்பது நான் படித்தவரை ஒன்றிலும் இல்லை.

விமானத் துறையில் சீனியர் சிஸ்டம்ஸ் இன்ஜினியராகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இந்த ஆதங்கம். ஆத்தூருக்கு வந்தால் சித்தப்பா கேட்பார்: “நீ அதுல எந்தச் சாமான்பா செய்யுற?” ஒன்றும் செய்வதில்லை. இன்ஜினுக்கு ஒரு குழு, மென்பொருளுக்கு ஒரு குழு, சக்கரத்துக்கு ஒரு குழு. ஒருவர் தரும் எண் அடுத்தவர் எதிர்பார்க்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், போகாவிட்டால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்பதும்தான் என் பிழைப்பு. சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா தோட்டத்துப் போர்வெல்லை இழுத்துவிட்டார். மோட்டார்காரர் மோட்டார் சரி என்பார், வயர்மேன் மூணு பேஸும் வருது என்பார், குழாய் இறக்கியவர் குழாயில் பழுதில்லை என்பார், தண்ணீர் மட்டும் வராது. “அவங்களுக்கு நடுவுல நிக்கிறவனா நீ? திட்டு வாங்குற வேலைன்னு சொல்லு.”

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்கருகே தொலைந்தது இப்படித்தான். லாக்ஹீட் மார்ட்டின் தந்த மென்பொருள் உந்துகணக்கைப் பவுண்டில் கொடுத்தது. ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் அதை நியூட்டன் என்று வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். யாருக்கும் கணக்கு தெரியாமல் இல்லை.

சந்திரயான்-2 இதைவிடச் சிக்கல். 2019 செப்டம்பர் 7 அதிகாலை அதன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியதற்கு, பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் சொன்ன காரணங்களைப் பாருங்கள். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளின. பிழை சேர்ந்துகொண்டே போனது. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டிய கட்டம் என்பதால் உடனே திருத்த வழியில்லை. பிறகு அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அப்போது, இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று மென்பொருளின் வரம்பு தடுத்தது. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். வேகத்தையும் குறைக்க வேண்டும், அந்தச் சதுரத்தையும் எட்டிப் பிடிக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் நியாயம் உண்டு. அந்த வரம்பை வைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் வைத்திருப்பேன்.

அடுத்த முறை, சந்திரயான்-3இல், இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. நடு இன்ஜினை எடுத்துவிட்டார்கள். வேகம் அளக்க லேசர் கருவி ஒன்று புதிதாக ஏறியது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது கலத்தின் கால் விஷயம். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் போதும் என்றிருந்ததை 3 ஆக்கினார்கள். செய்தியில் அது ஒரு வரி. உள்ளே இருப்பவனுக்குத் தூக்கம் போகும். கால் பலமானால் கனம் கூடும், கனம் கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருளும் கனம்தான். அந்தக் கனத்தோடு இன்ஜின்காரர், மென்பொருள்காரர், ராக்கெட்காரர் எல்லோரும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். முதல் விக்ரம் 1,471 கிலோ, இரண்டாவது 1,752. கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒருவர் மேஜையைத் தட்டி வாதாடியிருப்பார், இன்னொருவர் முடியவே முடியாது என்றிருப்பார். வீரமுத்துவேலிடம் மைக்கை நீட்டுகிறவர்கள் அந்தச் சண்டைகளைப் பற்றிக் கேட்டால் அந்த வாரப் பத்திரிகையை நான் காசு கொடுத்து வாங்குவேன்.