தங்கவயலுக்கு ஒரு பூங்கா வேண்டும்

டெய்ரி ஃபார்மில் வாழும் எங்களுக்கு, ஊரிலிருந்து உறவினர் வந்தால் ராஸ் தீவுக்கு அழைத்துச் செல்வது ஏறக்குறையக் கடமையாகவே ஆகிவிட்டது. 2018 டிசம்பரில் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றம் பெற்றது. பேச்சு வழக்கில் பழைய பெயர் இன்னும் விலகவில்லை. அபர்டீன் பகுதிப் படகுத்துறையிலிருந்து சில நிமிடப் பயணம். இறங்கியதும் மான்கள், மயில்கள், சுவர்களை வேர்களால் இறுகப் பற்றி நிற்கும் மரங்கள். அந்தமானின் ஆங்கிலேய நிர்வாகம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய தலைமையிடம் அது. 1941 ஜூன் 26ஆம் நாள் நிலநடுக்கம் கட்டடங்களைச் சிதைத்தது; அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்தனர். கைவிடப்பட்ட அந்நகரம் 1979 முதல் இந்தியக் கடற்படையின் பொறுப்பில் பூங்காவாகப் பேணப்படுகிறது.

பேணியது நன்றே. ஆயினும், அங்கு நம் கண்ணுக்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் தேவாலயமும், தலைமை ஆணையர் மாளிகையும், அடுமனையும்தான். 1858இல் கப்பலில் கொண்டுவரப்பட்டுக் காட்டை வெட்டித் திருத்திய கைதிகளின் தடம் அந்த அளவுக்குத் தென்படுவதில்லை. ஆண்டவர்கள் கல்லில் கட்டினார்கள்; உழைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதை இங்கே எழுதக் காரணம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்த அந்த ஊருக்கு வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. கீழே பொறுக்க முடியாத வெப்பம்; பாறை வெடித்துச் சிதறும் அச்சம் எந்நேரமும். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து அவ்வூருக்கு மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மின்சாரம் முதலில் சென்றது சுரங்க இயந்திரங்களுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நகையை வங்கிப் பெட்டகத்தில் வைக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த நாளை அறிவோம்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் போடி என்றொரு தங்கச் சுரங்க நகரம் உண்டு. 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த ஊர். பின்னர் ஆளரவமற்றுப் போயிற்று. 1962இல் மாநில அரசு அதை வரலாற்றுப் பூங்காவாக்கியது. புதுப்பித்துப் பளபளப்பாக்குவதில்லை, இருக்கும் நிலையிலேயே மேலும் சிதையாமல் காப்பதே அங்குள்ள நெறி. மேசை மீது தட்டும், கடை அலமாரியில் பொருள்களும் இருந்தபடியே இருக்கின்றன. (அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துச் சென்றாலும் தீவினை தொடரும் என்றொரு நம்பிக்கை பரவியதால், எடுத்தவற்றை மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. காவலரைவிட அச்சம் நன்றாகக் காவல் காக்கிறது!)

தங்கவயலுக்கும் அத்தகைய பூங்கா வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் போடியை அப்படியே பின்பற்ற இயலாது. போடியில் குடியிருப்போர் இல்லை; தங்கவயலிலோ சுரங்கம்தான் இறந்தது, மக்கள் இருக்கிறார்கள். அதைப் பேய் நகரம் என்று எழுதுவது அவர்களை அவமதிப்பதாகும். முதலில் காற்றில் தூசியைக் கிளப்பும் சயனைடு மேடுகளுக்குப் பாதுகாப்பான தீர்வு காண வேண்டும். அதன் பின்பே மரக்கன்றும் நுழைவுச்சீட்டும். அதிகாரிகளின் பங்களாக்களையும் கிளப்பையும் காப்பது எளிது; அவற்றை விரும்புவோர் பலர். சுரங்க வாயில்களில் நிற்கும் இரும்புக் கோபுரங்களோடு, தலைமுறைகள் வாழ்ந்த சிறிய லைன் வீடுகளில் சிலவற்றையும், குடியிருப்போரை அகற்றாமல், காக்க வேண்டும்.

நாள்தோறும் காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரால் நிரம்பி வழிகின்றன. அவர்களில் சிலராவது வழிகாட்டியாக, ஆவணக் காப்பாளராக, தோட்டப் பணியாளராகச் சொந்த ஊரிலேயே ஊதியம் பெறும்படி அத்திட்டம் அமைய வேண்டும்.