வாவியைக் கணக்கிட இருவர்

மாரி பிறந்து, படுவான்கரை வயல்களில் வெள்ளம் நிற்கத் தொடங்கியதும் மட்டக்களப்பில் எங்கும் ஒரே பேச்சுத்தான். ஆற்றுவாயை எப்போது வெட்டுவது? மணல் திட்டை வெட்டி வாவி நீரைக் கடலில் விட்டால் பயிர் பிழைக்கும். காலம் தவறி வெட்டினாலோ உவர்நீர் உள்ளே ஏறும். வலை வீசி வாழ்வோரும் வருந்துவர். இத்தனை பேருடைய சோறு தங்கியிருக்கும் இம்முடிவில், வாக்குவாதத்துக்கு உள்ள இடம் கணக்குக்கு இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

என்னிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று ஜெர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்கின்றார். அங்கே ஆய்வாளர் பலர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வயிற்றுக் கவலை இல்லை. இவர் ஆராய்வது வடகடலின் புயலலைகளை. கடற்பரப்பைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் சில விநாடிக்கு ஒருமுறை கணிப்பது முறை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும்; கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டுமாதலின் வேலை எட்டு மடங்காகும். பல்லாயிரம் கணிப்பான்களை ஒருங்கே பூட்டிய மீக்கணினி வேண்டப்படுவது இதனாலேயே.

இதே கணக்கை நம் வாவிக்குப் போட்டால் என்ன? வடகடலோடு ஒப்பிட்டால் அது ஒரு குட்டை. (பாடுமீன்கள் பொறுத்தருள்க!) ஆயினும் 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. மீக்கணினிக்கு எங்கே போவது என்பார் உளர். பொறி பெங்களூரிலோ பெர்லினிலோ இருக்கட்டும். இசைவு பெற்றால் வந்தாறுமூலையில் ஓர் அறையிலிருந்தே அதனை இயக்கலாம். 1981இல் கல்லூரியாகத் தோன்றி 1986இல் உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் அவ்வூரிலேயே இருக்கின்றது. கணிதமும் கணினியும் கற்றோர் அங்கிருந்து வெளிவருகின்றனர். வாவியைக் கணக்கிடுவதற்கென்றே இருவருக்கு நான்காண்டுச் சம்பளத்தோடு ஆய்விடம் அமைக்க வேண்டும் என்பேன். விரிவுரையும் விடைத்தாள் திருத்தமும் அவர்களை அணுகலாகாது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சுரங்களின் அளவுகளைக் கணக்கிட்டு எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவருமுன் பல்லாண்டு உழைத்தார்; அவருக்கும் தமிழகத்துப் புரவலர் ஒருவர் துணை நிற்க வேண்டியிருந்தது. துறவிக்கே புரவலர் வேண்டுமெனில், தங்கையின் திருமணத்தை எண்ணி ஏங்கும் பட்டதாரிக்கு வெறும் பாராட்டுரை போதுமா?

சென்ற மாரியில் அம்மாணவர் எனக்கு எழுதினார். ஆற்றுவாய் என்று வெட்டப்பட்டது என்று கேட்டிருந்தார். நாளைக் குறித்து அனுப்பினேன். அன்று நீர்மட்டம் எவ்வளவு என்று உடனே மறு கேள்வி வந்தது. கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் ஒருவரை விசாரித்தேன். “முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஐயா” என்றார். அதனையே எழுதி அனுப்பினேன்.