நால்வர் எழுதிய ஒரு வாழ்க்கை

1925 நவம்பரில் துருக்கிக் குடியரசு, தெக்கே எனப்படும் சூஃபி மடங்களைச் சட்டம் இயற்றி மூடியது. ஷெய்கு (குரு), முரீது (சீடர்) என்ற பட்டங்களுக்கும் தடை வந்தது. 1928இல் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. பாட்டனார் அலமாரியிலிருந்த வலிமார்களின், அதாவது இறைநேசர்களின், சரித்திரங்களை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளால் எழுத்துக்கூட்டியும் வாசிக்க முடியவில்லை.

இஸ்தான்புலில் தெக்கேயை இழந்தவர்களில் ஷெய்கு கெனான் ரிஃபாயீயும் ஒருவர். கல்வித் துறையில் பணியாற்றியவர். அவர் 1950இல் மறைந்தார். மறு ஆண்டே அவரைப் பற்றிய நூல் வெளிவந்தது. எழுதிய நால்வரும் பெண்கள். சாமிஹா ஐவெர்தி, சாஃபியே எரோல் இருவரும் நாவலாசிரியர்கள். நெஸிஹே அராஸ் பத்திரிகையாளர். சோஃபி ஹூரி கிறிஸ்தவர். இருபதாம் நூற்றாண்டின் ஒளியில் இஸ்லாத்தைப் பார்ப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்தது அந்நூல்.

மதம் பொதுவாழ்விலிருந்து விலகும் காலத்தில், ஓர் இறைநேசரின் வாழ்க்கையை எழுதுவது தனியொருவர் சுமக்கும் பாரமல்ல என்பதற்கு இந்நூலே சாட்சி.

அப்படி எழுதும்போது, நம்பிக்கையோடு வரும் வாசகருக்குக் கராமத்துகள் எனும் அற்புதங்கள் போதும். கேள்வியோடு வரும் இளைஞருக்குப் போதாது. அந்த இறைநேசர் கோபத்தை எப்படி அடக்கினார், ஏழையிடம் எப்படிப் பேசினார், இழப்பை எப்படித் தாங்கினார் என்று அந்த இளைஞர் கேட்பார். அதற்காகக் கராமத்துகளை வெட்டி எறிவதும் பிழை. மக்கள் அந்த இறைநேசரை எவ்வளவு நேசித்தார்கள் என்பது அவற்றில்தான் பதிந்திருக்கிறது. எது ஆவணம், எது செவிவழிச் செய்தி, எது நம்பிக்கை என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்வதே எழுதுபவரின் கடமை.

தமிழ் முஸ்லிம்களான நமக்கும் இது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. நம் முன்னோர் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், எழுதிவைத்த ஏடுகளை இன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசரான நாகூர் ஆண்டகையின் வாழ்வைச் சேகனாப் புலவர் பாடிய திருக்காரணப் புராணம் செய்யுள் நடையில் இருப்பதால், இன்றைய பிள்ளைகளுக்கு எட்டாமல் நிற்கிறது. துருக்கியில் சட்டம் செய்ததை இங்கே நம் கவனக்குறைவு செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். ஆலிம்கள் மூலநூல்களை விளக்கித் தரட்டும். பேராசிரியர்கள் காலத்தையும் ஆதாரத்தையும் சரிபார்க்கட்டும். பெண்கள் தம் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளை எழுத முன்வரட்டும். ஜமாஅத்துகள் அவர்களுக்கு இடம் தரட்டும். தர்காவுக்கு நேர்ச்சை கொண்டுவரும் இந்து, கிறிஸ்தவ அன்பர்களின் நினைவுகளும் இறைநேசர்களின் வரலாற்றில் இடம்பெறட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஏடு கிடக்கலாம். அதைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.